தண்ணீரும் எரியுமா? எண்ணெய்–நீராவி வாயுக் கருவி: ஒரு திறனாய்வு

"பத்து லிட்டர் எண்ணெய் எரிகிற இடத்தில் ஆறு லிட்டர் போதும். பாக்கி நாலு லிட்டர் வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்."

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையோரம், ஒரு தகரக் கொட்டகையில் நின்று இந்தச் சொற்களைக் கேட்டேன். சொன்னவர் ஒரு புதிய கருவியை விற்க வந்தவர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏழெட்டுப் பேர்: நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள், கடலை வறுக்கிறவர்கள், ஒரு பலகாரக் கடைக்காரர். அவர்களில் ஒருவர் என் மைத்துனர். சாயம் காய்ச்ச அவருக்குத் தினமும் கொதிநீர் வேண்டும். வீட்டு நகையை அடகு வைத்துக் கருவிக்கு முன்பணம் கட்ட ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். "எதுக்கும் ஒரு தடவை நீங்க பாத்துச் சொல்லுங்க அத்தான். நீங்க பள்ளிக்கூடத்துல நடத்துற பாடந்தானே?" என்று என்னை அழைத்துப் போயிருந்தார்.

அன்று பார்த்ததையும், பின்னர் தாளில் கணக்குப் போட்டுக் கண்டதையும் வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கருவியை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மயக்கம் என்று பிரித்துப் பார்ப்பதற்காகவே எழுதுகிறேன். வானம் பார்த்த பூமியில் தண்ணீரை எரிபொருள் என்று சொல்லி விற்பது சிறிய செய்தி அன்று.

கருவி எப்படி இருந்தது?

கீழே செங்கல் உலை. அதன் மேல் படுக்கவைத்த தடித்த இரும்புக் குழாய். உள்ளே இரும்புத் துண்டுகள் நிரப்பியிருந்தன. குழாயின் ஒரு முனையில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுகிறது. உலையைச் சுற்றிவரும் மெல்லிய சுருள்குழாயில் தண்ணீர் கொதித்து, நீராவியாகி, அதே முனையில் வந்து எண்ணெயோடு சேர்கிறது. சிவக்கக் காய்ந்த குழாய்க்குள் இரண்டும் கலந்து மறுமுனையில் வாயுவாக வெளியேறுகின்றன. அந்த வாயு தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் ஒரு குழாய் வழியே குளிர்ந்து, கவிழ்த்து வைத்த பீப்பாயில் சேர்கிறது. அங்கிருந்து அடுப்புக்குப் போகிறது. பற்றவைத்தபோது அழகான நீலச் சுடர் எழுந்தது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

மண்ணெண்ணெயும் பயன்படுத்தலாம், கழிவு எண்ணெயும் பயன்படுத்தலாம், வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் கூட ஆகும் என்றார் விற்பனையாளர்.

இது பழைய அறிவு

எண்ணெயைச் சூடான இரும்பின் மீது விட்டால் எரியும் வாயு கிடைக்கும் என்பது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. இங்கிலாந்தில் ஜான் டெய்லர் என்பவர் 1815-இல் இதற்கு உரிமம் பெற்றார். அவ்வாறு உண்டாக்கிய எண்ணெய் வாயுவை அழுத்தி அடைத்து விற்றபோது, கலத்தின் அடியில் ஒரு திரவம் தங்கியது. அதை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே 1825-இல் பென்சீனைக் கண்டுபிடித்தார். கரிம வேதியியலின் பெரிய வாயில்களில் ஒன்று இப்படி ஒரு விளக்கு வாயுவின் கசண்டிலிருந்து திறந்தது! பின்னர் ஜெர்மானியரான ஜூலியஸ் பின்ட்ஷ் எண்ணெய் வாயுவை அழுத்தி நிரப்பி ரயில் பெட்டிகளில் விளக்கு எரிக்க வழி செய்தார். நம் நாட்டு ரயில்களிலும் அவ்விளக்குகள் எரிந்தன. சமையல் வாயு உருளைகள் வருவதற்கு முன்னர் நம் கல்லூரிகள் பலவற்றின் வேதியியல் கூடங்களில் புன்சன் அடுப்புகளுக்கு வாயு தந்ததும் இத்தகைய எண்ணெய் வாயுக் கலங்கள்தாம்.

நீராவியின் கதை இதற்கும் முந்தியது. சிவக்கக் காய்ந்த கரியின் மேல் நீராவியைச் செலுத்தினால் எரியும் வாயு வரும் என்று இத்தாலியரான ஃபெலிசே ஃபொன்டானா 1780-இல் கண்டார். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்த இக்கலவையே 'நீர் வாயு' எனப்படுவது. 1870-களில் அமெரிக்கரான தாடியஸ் லோ இந்த நீர் வாயுவுக்குள் எண்ணெயைத் தெளித்துச் சிதைத்து அதன் எரிதிறனைக் கூட்டினார். அமெரிக்க நகரங்கள் பல அந்த வாயுவால் நெடுங்காலம் ஒளி பெற்றன.

லோவின் முறையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீராவி பாய்ந்தால் கரிப்படுகை சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். அப்போது நீராவியை நிறுத்திவிட்டுக் காற்றை ஊதுவார்கள். கரியின் ஒரு பகுதி எரிந்து படுகை மீண்டும் சிவக்கும். அதன் பிறகே மறுபடி நீராவி. நீராவி தானாக ஒன்றையும் தருவதில்லை, வெப்பத்தை விழுங்குகிறது என்பதை அந்த உலை ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே இருந்தது.

தண்ணீர் என்பது சாம்பல்

ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது தண்ணீர். விறகு எரிந்து சாம்பலாவது போல, ஹைட்ரஜன் எரிந்து தண்ணீராகிறது. அதாவது தண்ணீர், ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். சாம்பலை மீண்டும் விறகாக்க வேண்டுமானால் எரிந்தபோது வெளியேறிய வெப்பம் அவ்வளவையும் திருப்பித் தர வேண்டும். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பதும் அப்படியே. இதில் தள்ளுபடி கிடையாது.

இனி எண்ணெய்க்கு வருவோம். மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயின் மூலக்கூறு ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் இருப்பதாகக் கொள்ளலாம். ஒரு கண்ணியோடு ஒரு தண்ணீர் மூலக்கூறு முழுமையாக வினை புரிந்தால் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறும் இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் கிடைக்கும். எடையில் சொன்னால், 14 கிராம் எண்ணெயும் 18 கிராம் தண்ணீரும் சேர்ந்து 28 கிராம் கார்பன் மோனாக்சைடும் 4 கிராம் ஹைட்ரஜனும் ஆகின்றன. இரு பக்கமும் 32 கிராம், கணக்கு சரி.

இப்போது வெப்பத்தைப் பார்ப்போம். 14 கிராம் எண்ணெயை நேராக எரித்தால் ஏறத்தாழ 156 கிலோ கலோரி வெப்பம் வரும். அதை வாயுவாக்கிய பின் எரித்தால் கார்பன் மோனாக்சைடிலிருந்து 68, ஹைட்ரஜனிலிருந்து 136, ஆக மொத்தம் ஏறத்தாழ 204 கிலோ கலோரி வரும்!

இங்கேதான் மயக்கம் தொடங்குகிறது. 156 போட்டு 204 எடுத்தோம், 48 இலாபம், அந்த இலாபத்தைத் தண்ணீர் தந்தது என்று தோன்றும். விற்பனையாளர் காட்டிய அச்சிட்ட தாளிலும் கணக்கு இத்தோடு நின்றுவிட்டது. சொன்ன எண்கள் பொய்யல்ல. சொல்லாமல் விட்ட எண்தான் குற்றம். தண்ணீரைக் கொதிக்கவைக்கவும், நீராவியை எண்ணெயோடு வினை புரிய வைக்கவும் வெளியிலிருந்து வெப்பம் தந்தாக வேண்டும். இது வெப்பங்கொள் வினை. அப்படித் தர வேண்டிய வெப்பம் எவ்வளவு? மிகச் சரியாக அதே 48 கிலோ கலோரி. உலை கொடுத்த 48 வாயுவுக்குள் ஒளிந்திருந்து அடுப்பில் வெளிப்படுகிறது. தண்ணீர் ஒரு கலோரியும் தரவில்லை.

விறகை யார் கணக்கில் எழுதினார்?

அந்த 48 எங்கிருந்து வந்தது? கொட்டகையில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"உலைக்கு என்ன போடுறீங்க அண்ணாச்சி?"

"கருவேல விறகு சார்."

"எவ்வளவு?"

"அதை யாரு நிறுத்தா? இந்தப் பக்கம் சும்மா கிடைக்கிறதுதானே?"

திருச்சுழி வட்டாரத்தைச் சுற்றி வந்தவர்களுக்கு அந்தப் பதில் வியப்பாக இராது. கண்மாய்க் கரையிலும், தரிசான கரிசல் நிலத்திலும், குண்டாற்றின் ஓரத்திலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. விறகும் கரிமூட்டமும் இங்கே பலருக்குப் பிழைப்பு. ஆனால் 'சும்மா கிடைக்கிறது' என்பது ஒரு விலைச் செய்தி. அது எடைச் செய்தி அன்று, வெப்பச் செய்தியும் அன்று. வெட்டிச் சுமந்தவர்களின் கைகளில் ஏறிய முள்ளைக் கேட்டால் விலையும்கூட அவ்வளவு சும்மா இல்லை என்பது தெரியும்.

கணக்கைத் தொடர்வோம். 14 கிராமுக்கு 48 என்றால், ஒரு கிலோ எண்ணெயை முழுமையாக வாயுவாக்கக் குறைந்தது 3,400 கிலோ கலோரி வேண்டும். திறந்த செங்கல் உலையில் எரியும் விறகின் வெப்பம் முழுவதும் குழாய்க்குள் போவதில்லை. பெரும்பகுதி புகையோடு போய்விடும். கால் பங்கு உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 13,600 கிலோ கலோரி தரக்கூடிய விறகு வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 தரும். ஆக ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ நான்கு கிலோ விறகு.

அந்த நான்கு கிலோ விறகில் இருக்கும் வெப்பம் 14,000 கிலோ கலோரி. ஒரு கிலோ எண்ணெயில் இருப்பதோ 11,000 அளவுதான். எண்ணெயைவிட அதிக வெப்பத்தைச் செலவிட்டு எண்ணெயைச் சிக்கனம் செய்கிறோம்! அந்தக் கொட்டகையில் உண்மையான எரிபொருள் விறகு. அதன் பெயரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

வடிந்த தண்ணீர் சொன்ன சாட்சி

மேலே கண்டது வினை முழுமையாக நடந்தால் வரும் கணக்கு. அது அங்கே நடந்ததா என்பதே ஐயம். எண்ணெயும் நீராவியும் சும்மா சேர்ந்திருந்தால் வினை விரைந்து நடப்பதில்லை. நிக்கல் போன்ற தகுந்த வினையூக்கி வேண்டும். அல்லது சாதாரண இரும்புக் குழாய் நீண்டநாள் தாங்காத அளவு வெப்பநிலை வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் எண்ணெய் மட்டும் சூட்டால் உடைந்து மீதேன், எத்திலீன் முதலிய வாயுக்களாகும். கொஞ்சம் தாராகவும் கரிப்புகையாகவும் படியும். நீராவி வந்த வழியே, வந்த உருவிலேயே வெளியேறும்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வாயு குளிரும் குழாயின் அடியில் ஒரு வடிகுழாய் இருந்தது. அதன் கீழே ஒரு வாளி. "இது என்ன?" என்றேன். "கழிவுத் தண்ணீர் சார், கொட்டிருவோம்" என்றார். அன்று அதைக் கொட்டவிடாமல் அளந்தோம். உள்ளே கொடுத்த தண்ணீரில் பெரும்பகுதி, மேலே எண்ணெய்ப்படலம் மிதக்க, வாளிக்குத் திரும்பி வந்திருந்தது. எரிந்ததாகச் சொல்லப்பட்ட தண்ணீர் வாளியில் இருந்தது!

இங்கே விற்பனையாளரைப் பற்றி ஒரு சொல். அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் எண்ணவில்லை. வாளியைப் பார்த்து அவருடைய முகம் வாடியது. தம் கருவியை அவர் உண்மையாகவே நம்பியிருந்தார், அளந்து பார்த்ததில்லை. 1996-இல் இதே விருதுநகர் மாவட்டத்தில், இராஜபாளையம் பக்கம், மூலிகையைப் போட்டுத் தண்ணீரை எரிபொருளாக்கலாம் என்ற செய்தி நாடெங்கும் பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆய்வுக்கூடச் சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அந்தச் செய்தியையும் இந்தக் கருவியையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. ஆனால் இரண்டையும் சோதிக்கும் தராசு ஒன்றே.

நீலச் சுடரின் மயக்கம்

"சுடர் நீலமா எரியுதே அத்தான், அது பொய்யா?" என்று கேட்டார் மைத்துனர். நல்ல கேள்வி.

திரி விளக்கின் மஞ்சள் ஒளி, எரியாமல் தகதகக்கும் நுண்ணிய கரித்துகள்களின் ஒளி. காற்று போதிய அளவு கலந்து, கரித்துகள் உண்டாகாமல் எரிந்தால் சுடர் நீலமாகும். நீலம் நல்ல எரிதலின் அடையாளமே. புகை குறையும், பாத்திரம் கறுக்காது. நீராவியும் இதற்கு உதவும்; எண்ணெயைச் சிதறடித்துக் காற்றோடு கலக்கச் செய்யும். பெரிய ஆலை உலைகளில் எண்ணெயைத் தெளிக்க நீராவியைப் பயன்படுத்துவது இதனால்தான். ஆகவே புகை கக்கும் பழைய எண்ணெய் அடுப்போடு ஒப்பிட்டால் இக்கருவி எண்ணெயை ஓரளவு மிச்சப்படுத்தவும் கூடும். இதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒப்பிட வேண்டியது எதனோடு? நம் வீடுகளில் ஒரு தலைமுறை முழுவதும் சத்தம் போட்டு எரிந்த பம்ப் ஸ்டவ்வோடு. சுவீடன் நாட்டு லிண்ட்க்விஸ்ட் 1892-இல் உருவாக்கிய அந்த அடுப்பும் எண்ணெயை வாயுவாக்கித்தான் எரிக்கிறது. சுடரின் சூட்டிலேயே மண்ணெண்ணெய் ஆவியாகிறது, தனி உலை இல்லை, பீப்பாய் இல்லை, தண்ணீர் இல்லை, சுடரோ நீலம். கைக்கடக்கமான ஒரு பித்தளை அடுப்பு செய்கிற வேலையை ஒரு கொட்டகை நிறையச் செய்துகாட்டினால், கூடுதலாகக் கிடைத்தது என்ன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

தெரியாத நச்சு, தெரிந்த உப்பு

எண்ணெய்–நீராவி வினை நன்றாக நடந்துவிட்டால் மகிழ்ச்சிதானே என்று நினைக்க வேண்டாம். அப்போது வேறு கவலை வரும். முழுமையாக நடந்த வினையில் வரும் வாயுவில் பருமனளவில் மூன்றில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும். தலைவலி, மயக்கம், பின்னர் மரணம். சமையல் வாயுவில் கசிவைக் காட்ட நாற்றப்பொருள் சேர்க்கிறார்கள். கொட்டகைக் கருவியில் அப்படி ஒன்றும் இல்லை. பீப்பாயில் காற்று புகுந்து வாயுவோடு கலந்திருந்தால், பற்றவைக்கும் கணத்தில் வெடிக்கும். கருவியைத் தொடங்கியதும் முதலில் வரும் வாயுவை வெளியேற்றிவிட வேண்டும். பீப்பாய்க்கும் அடுப்புக்கும் இடையே நீரடைப்பு வைக்க வேண்டும். நான் பார்த்த கருவியில் இரண்டும் இல்லை.

அடுத்தது தண்ணீர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கிணற்றுநீர் பல இடங்களில் உப்புநீர். சோறு பொங்கும் பாத்திரத்திலேயே வெள்ளையாகப் படியும் தண்ணீர், செஞ்சூட்டில் இருக்கும் மெல்லிய சுருள்குழாயில் என்ன செய்யும்? உப்புப் பாறை கட்டி வழியை அடைக்கும். அடைபட்ட இடம் அளவுக்கு மீறிக் காய்ந்து குழாய் வெடிக்கலாம். நல்ல தண்ணீர் ஊற்றலாமே என்றால், குடம் கணக்கில் விலை கொடுத்துக் குடிநீர் வாங்கும் ஊரில் அதை ஊற்றுவதற்கு மனம் வருமா?

வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் ஆகும் என்ற பேச்சையும் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். 2000-களில் காட்டாமணக்கு நட்டால் வறண்ட நிலத்திலேயே எண்ணெய் பெருகும் என்ற நம்பிக்கை பரப்பப்பட்டது. நட்ட உழவர்கள் பலருக்குச் சொன்ன விளைச்சல் வரவில்லை. மழை குறைந்த நிலத்தில் எண்ணெய் வித்து மலிவாக வராது. அப்படி வந்த எண்ணெயைப் பாதி விலைக்குக் கூட எரிவாயுவாக்கி எரிப்பது இலாபமாகாது.

தூத்துக்குடியில் பொருந்தியது

"அப்படியானால் எண்ணெயும் நீராவியும் சேர்வது வீண்வேலையா?" என்று மாணவர் ஒருவர் கேட்கலாம். இல்லை. அருப்புக்கோட்டை வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலையின் முடிவிலேயே அதற்கு விடை இருக்கிறது. தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை 1975-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது அதன் மூலப்பொருள் நாப்தா என்னும் இலேசான எண்ணெய். கந்தகத்தை நீக்கிய நாப்தா ஆவியையும் நீராவியையும், நிக்கல் வினையூக்கி நிரம்பிய குழாய்களில் ஏறத்தாழ 800 டிகிரி சென்டிகிரேடில் வினை புரியச் செய்வது இத்தகைய ஆலைகளின் முறை. கரி படியாமல் இருக்க, கணக்குப்படி தேவையானதைவிடப் பலமடங்கு நீராவி செலுத்துவார்கள். வெளிவரும் சூடான வாயுவின் வெப்பத்தைக் கொண்டே மறுபடி நீராவி உண்டாக்கிக்கொள்வார்கள்.

தத்துவம் ஒன்றே, ஆனால் நோக்கம் வேறு. அங்கே வேண்டியது தீ அன்று, ஹைட்ரஜன். காற்றிலுள்ள நைட்ரஜனோடு அதைச் சேர்த்து அமோனியாவாக்கி, யூரியாவாக்கி வயலுக்கு அனுப்புகிறார்கள். ஹைட்ரஜனுக்காக வெப்பத்தை விலையாகக் கொடுப்பது அங்கே நியாயம். ஹைட்ரஜனை உண்டாக்கி உடனே எரித்து மீண்டும் தண்ணீராக்குவதற்காக அதே விலையைக் கொடுப்பது நியாயமாகாது. அந்த ஆலையும் நாப்தாவோடு நின்றுவிடவில்லை. 143 கிலோமீட்டர் நீளமுள்ள இராமநாதபுரம்–தூத்துக்குடிக் குழாய்ப்பாதை 2021-இல் திறக்கப்பட்ட பின்னர் இயற்கை வாயுவுக்கு மாறிவிட்டது. ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன் கொண்ட மீதேனே அந்த வேலைக்கு எண்ணெயைவிட ஏற்றது.

கரிசலுக்கு எது ஏற்றது?

திரும்பி வரும் வழியில் மைத்துனர் விடவில்லை. "விறகு நமக்குச் சும்மா கிடைக்குது, எண்ணெய்க்குத்தான் காசு. கணக்கு எப்படி இருந்தாலும் காசு மிச்சந்தானே அத்தான்?"

"மிச்சந்தான் மாப்பிள்ளை. ஆனா விறகுதான் சும்மா கிடைக்குதுன்னா, எண்ணெய் எதுக்கு? வெந்நீர் காய வாயு எதுக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. இக்கட்டுரையின் சாரமும் அதுதான். சாயத் தொட்டிக்கு வேண்டியது கொதிநீர். சன்னமான சுடர் அன்று. நல்ல இரும்புத் தட்டும், காற்று நுழையும் வழியும், புகைபோக்கியும் கொண்ட ஒரு விறகு அடுப்பு அதற்குப் போதும்.

சுடரை அடக்கி ஆள வேண்டிய வேலைகளும் உண்டு. கடலை வறுப்பதும் எந்திரம் ஓட்டுவதும் அத்தகையவை. அவற்றுக்கு வாயு வேண்டுமானால் அதை விறகிலிருந்தும் கரியிலிருந்தும் நேராகவே எடுக்கலாம். அளவான காற்றில் விறகைப் பாதி எரித்து உண்டாக்கும் இவ்வாயுவுக்கு 'உற்பத்தி வாயு' என்று பெயர். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் பின்புறம் கரி உலையைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ்களை முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அவற்றை ஓட்டியது இவ்வாயுவே. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் 1980-களிலிருந்து விறகு வாயுவாக்கிகளை ஆராய்ந்து உருவாக்கி வந்திருக்கிறது. கோவை மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி 2000-களின் தொடக்கத்தில் இத்தகைய ஒரு வாயுவாக்கியைக் கொண்டு குடிநீர் ஏற்றியது.

இதிலும் குறைகள் உண்டு. வாயுவில் ஏறத்தாழப் பாதி நைட்ரஜன்; வெப்பம் கனமீட்டருக்கு 1,000 கிலோ கலோரிக்குச் சற்று மேல்தான். தார் படியும், கார்பன் மோனாக்சைடும் இருக்கும். ஆனால் கணக்கு ஒளிவுமறைவற்றது. எரிபொருள் விறகு, அதை விறகு என்றே எழுதுகிறோம்.

இன்னொரு கணக்கையும் இவ்வட்டாரத்து இளைஞர்கள் போட்டுப் பார்க்கலாம். நூறு கிலோ விறகை மண் மூட்டத்தில் கரியாக்கினால் கிடைப்பது இருபது, இருபத்தைந்து கிலோ கரி. விறகிலிருந்த 3,50,000 கிலோ கலோரியில் கரியில் தங்குவது அதிகமாகப் போனால் 1,75,000. மற்றொரு பாதி மூட்டத்தின் மேலே வெண்புகையாகப் போகிறது. அப்புகையில் ஹைட்ரஜனும் மீதேனும் கார்பன் மோனாக்சைடும் எரியும் ஆவிகளும் இருக்கின்றன. நாம் தேடும் எரிவாயு நம் கண்முன்னேயே போய்க்கொண்டிருக்கிறது! அதைப் பிடித்து எரிக்கும் எளிய கலம் ஒன்றைச் செம்மைப்படுத்துவது, தண்ணீரை எரிக்க முயல்வதைவிடப் பயனுள்ள ஆராய்ச்சி.

வாங்குமுன் நிறுத்துப் பாருங்கள்

இத்தகைய கருவி எதுவாயினும் சோதிக்க வழி எளிது. 20 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடாக்குங்கள். தண்ணீர் ஏற்ற வெப்பம் 1,200 கிலோ கலோரி. அதற்கு உள்ளே போன ஒவ்வொரு பொருளையும் நிறுத்து எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. புதிய கருவி 100 கிராம் எண்ணெயும் 400 கிராம் விறகும் கொண்டதாக வைத்துக்கொள்வோம். எண்ணெயில் 1,100, விறகில் 1,400, ஆக 2,500 கிலோ கலோரி. பயன்பட்டது நூற்றுக்கு 48. பம்ப் ஸ்டவ் 200 கிராம் எண்ணெய் கொண்டது என்போம். 2,200 கிலோ கலோரி. பயன்பட்டது நூற்றுக்கு 54-க்கு மேல். எண்ணெயை மட்டும் பார்த்தால் புதிய கருவி பாதியை மிச்சப்படுத்தியது. எல்லாவற்றையும் பார்த்தால் அது பின்தங்கியது. ஒரே சோதனை இரண்டு விதமாகப் பேசுகிறது. எதைக் கணக்கில் விட்டோம் என்பதே தீர்ப்பை மாற்றுகிறது.

ஆகவே மூன்று கேள்விகள் கேளுங்கள். உலைக்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது, அதை நிறுத்தீர்களா? குளிர்குழாயில் வடியும் தண்ணீர் எவ்வளவு, அளந்தீர்களா? வாயு கசிந்தால் எப்படித் தெரியும், அது மூடிய அறைக்குள் இருக்கிறதா? இம்மூன்றுக்கும் எண்ணால் விடை வந்தால் மேலே பேசலாம். வராவிட்டால் சுடர் எவ்வளவு நீலமாயிருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடலாம்.

மைத்துனர் முன்பணம் கட்டவில்லை. பழைய அடுப்பைப் பிரித்துப் புகைபோக்கி வைத்துக் கட்டிக்கொண்டார். நகை வீட்டிலேயே இருக்கிறது. அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது வேறொன்று. அவருடைய சாயப்பட்டறைச் சுவரில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. தினமும் எரித்த விறகின் எடையை எட்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் அதில் எழுதி வருகிறாள்.